கிரிவல நடை ஆப் செய்யும் மாணவர்களுக்கு: என்ன கோளாறு, எங்கே பார்ப்பது

திருவண்ணாமலை கிரிவலத்துக்கு ஒரு நடை ஆப். ஃபைனல் இயர் புராஜெக்டுக்கு இதைவிடத் தெளிவான தலைப்பு கிடைப்பது கஷ்டம். 14 கிலோமீட்டர் பாதை, அண்ணாமலையை வலமாக ஒரு சுற்று, எட்டுத் திசைக்கும் எட்டு லிங்கம், புறப்பட்ட இடத்திலேயே நடை முடியும். நாங்கள் படிக்கும்போது எடுத்த புராஜெக்ட் இதுதான், அதற்கப்புறமும் இதே மாதிரி ஆப் செய்யும் ஜூனியர்களோடு உட்கார்ந்து நிறையப் பிழை தேடியிருக்கிறேன். அதில் திரும்பத் திரும்ப வரும் கோளாறுகளை, வெளியே எப்படித் தெரிகிறதோ அப்படியே தலைப்பாக வைத்து எழுதியிருக்கிறேன். எல்லாம் ஆண்ட்ராய்டை மனதில் வைத்து. உங்கள் ஆப்பில் எது தெரிகிறதோ அந்தப் பகுதிக்கு நேரே போய்விடலாம்.

போவதற்கு முன்னால் ஒன்று. இந்தக் கோளாறுகளில் பெரும்பாலானவை கோடிங்கில் பிறப்பவை இல்லை. ஒரு நடை என்றால் என்ன, அது எங்கே தொடங்குகிறது, எப்போது முடிகிறது, நடுவில் கால் வலித்து அரை மணி நேரம் உட்கார்ந்தால் அதுவும் நடையில் சேருமா, இதையெல்லாம் டிசைன் பேசும்போதே குழு முடிவு செய்திருக்க வேண்டும். செய்யாவிட்டால் அந்த முடிவை கோட் எழுதுபவர் தனியாக, ஏதோ ஒரு ராத்திரியில், ஒரு இஃப் கண்டிஷனுக்குள் எடுத்துவிடுவார், மற்றவர்களுக்கு அது தெரியவும் தெரியாது. ஆகவே லேப்டாப்பைத் திறக்கும் முன் அந்தக் கேள்விகளுக்கு ஒரு தாளில் பதில் எழுதுங்கள். கீழே உள்ளதில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

முழுச் சுற்று முடித்தும் தூரம் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது

தொடங்கிய புள்ளிக்கும் இப்போது நிற்கும் புள்ளிக்கும் இடையே, நேர்த் தூரத்தை மட்டும் தரும் ஹேவர்சைன் சூத்திரம் போட்டிருக்கிறீர்கள். கல்லூரி வாசலிலிருந்து பஸ் ஸ்டாண்ட் வரை நேராக நடந்து பார்த்தால் இது சரியாகவே வரும், அதனால்தான் டெஸ்டிங்கில் யார் கண்ணிலும் படாது. கிரிவலத்தில் தூரம் பாதி வழி வரை ஏறும், மலைக்கு அந்தப் பக்கம் போனதும் குறைய ஆரம்பிக்கும், புறப்பட்ட கோயில் ராஜகோபுரத்துக்குத் திரும்பும்போது சில மீட்டரில் வந்து நிற்கும். அடுத்தடுத்த புள்ளிகளுக்கு நடுவில் உள்ள சின்னச் சின்னத் தூரங்களைக் கூட்டினால் சரி.

இதோடு ஒட்டிக்கொண்டே வரும் இன்னொன்று: ஸ்டார்ட் பட்டனை அழுத்தியதுமே 'கிரிவலம் நிறைவு' என்று வந்துவிடுகிறது. தொடக்கமும் முடிவும் ஒரே இடம் என்பதால், முடியும் இடத்தைச் சுற்றி நீங்கள் போட்ட வட்டத்துக்குள்தான் நடப்பவர் முதலிலேயே நிற்கிறார். 'முதல் பத்து நிமிடம் செக் பண்ணாதே' என்று ஒட்டுப் போடுவதைப் பார்த்திருக்கிறேன், வேண்டாம், கூட்டத்தில் பத்து நிமிடத்தில் நூறு மீட்டர்கூட நகர முடியாத இரவுகள் உண்டு.

சரியான வழி, பாதையை ஒரு நீண்ட கோடாக எடுத்துக்கொண்டு, 0 மீட்டரிலிருந்து 14,000 மீட்டர் வரை அளவு குறித்து, வரும் ஒவ்வொரு ஜிபிஎஸ் புள்ளியையும் அந்தக் கோட்டில் எந்த மீட்டரில் விழுகிறது என்று பொருத்துவது. அந்த மீட்டர்தான் நடையின் முன்னேற்றம். இதிலும் ஒரு பொறி இருக்கிறது. ராஜகோபுரத்துக்குப் பக்கத்தில் 20-வது மீட்டரும் 13,980-வது மீட்டரும் தரையில் கிட்டத்தட்ட ஒரே இடம். 'அருகில் உள்ள புள்ளி எது' என்று மட்டும் தேடினால் கணக்கு ஒரே தாவலில் 13,980-க்குப் போய்விடும், ஒரு அடி வைத்ததற்கே சுற்று முடிந்துவிடும். அதனால் கோடு முழுவதிலும் தேடாதீர்கள். கடைசியாகத் தெரிந்த இடத்திலிருந்து பின்னால் ஐம்பது, முன்னால் முந்நூறு மீட்டர், அதற்குள் மட்டும் தேடுங்கள். நடுவில் சிக்னல் போய் நெடுநேரம் கழித்து வந்தால், போன நேரத்தை ஒரு மனிதர் நடக்கக்கூடிய அதிகபட்ச வேகத்தால் பெருக்கி அந்த அளவுக்கு முன்பக்க எல்லையை நீட்டுங்கள்.

எல்லோரும் ராஜகோபுரத்திலிருந்து தொடங்குவார்கள் என்றும் வைத்துக்கொள்ள முடியாது. செங்கம் சாலையில் ரமணாசிரமம் பக்கம் தங்கியிருப்பவர் அங்கிருந்தே புறப்பட்டு அங்கேயே முடிப்பார். அவருக்கு 0 மீட்டர் என்பது அவர் நிற்கும் இடம். கணக்கை 14,000-ஆல் வகுத்த மீதியாக வைத்தால் யார் எங்கே தொடங்கினாலும் ஒரே கோட் போதும். ஆனால் இது கோட் எழுதும்போது தோன்றக்கூடிய விஷயம் இல்லை, முதல் ஸ்க்ரீனை வரையும்போதே பேச வேண்டியது.

14 கிலோமீட்டர் பாதைக்கு 17, 18 என்று காட்டுகிறது

திறந்த வானத்தின் கீழ் போன் ஜிபிஎஸ் சாதாரணமாக 5 மீட்டர் அளவுக்குத் தள்ளிக் காட்டும். கிரிவலத்தில் மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில் நடப்பவர் ஒரு வினாடிக்கு நகர்வது 1.1 மீட்டர். வினாடிக்கு ஒரு புள்ளி வாங்கி அத்தனையையும் கூட்டினால் நீங்கள் கூட்டுவதில் நடை குறைவு, நடுக்கம்தான் அதிகம். புள்ளி இடப்பக்கம் தள்ளினாலும் தூரம் கூடும், வலப்பக்கம் தள்ளினாலும் கூடும், ஒன்றையொன்று கழித்துக்கொள்ளவே கொள்ளாது. இதில் டீக்கடையில் இருபது நிமிடம் உட்கார்ந்தால், உட்கார்ந்த இடத்திலேயே சில நூறு மீட்டர் நடந்ததாகப் பதிவாகிவிடும்.

முதலில் ஒவ்வொரு புள்ளியோடும் வரும் துல்லிய மதிப்பைப் பாருங்கள், 25 மீட்டருக்கு மேல் இருந்தால் அந்தப் புள்ளியைத் தூக்கிப்போடுங்கள். அந்த மதிப்புக்கு ஆண்ட்ராய்டு சொல்லும் அர்த்தம், நிஜ இடம் அந்த வட்டத்துக்குள் இருக்க 68 சதவீத வாய்ப்பு என்பதுதான். அதாவது மூன்றில் ஒரு முறை வட்டத்துக்கு வெளியேதான் இருப்பீர்கள். அடுத்து, முந்தைய புள்ளியிலிருந்து எட்டுப் பத்து மீட்டராவது நகர்ந்தால்தான் கூட்டுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது, எனக்கு மிகவும் பிடித்தது: கடைசி முப்பது வினாடியில் ஸ்டெப் சென்சாரில் ஒரு அடியும் பதிவாகவில்லை என்றால் ஜிபிஎஸ் என்ன சொன்னாலும் தூரத்தைக் கூட்டாதீர்கள். டீக்கடைப் பிரச்சினை அதோடு போய்விடும். நடுங்கும் அளவுகளைக் கணக்குப் போட்டுச் சீராக்கும் கால்மன் ஃபில்டர் நல்ல கருவிதான், ஆனால் இந்த மூன்றையும் செய்து பார்த்த பிறகும் தேவைப்பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள். முதலிலேயே அதை உள்ளே கொண்டுவந்தால் எந்த எண் எதனால் மாறுகிறது என்று உங்களாலேயே சொல்ல முடியாமல் போகும்.

இவ்வளவும் சொன்ன பிறகு என் கருத்து: தெரிந்த பாதையில் நடக்கும் ஒருவருக்குக் கூட்டிய தூரத்தைக் காட்டவே தேவையில்லை. மேலே சொன்ன கோட்டில் எத்தனையாவது மீட்டர் என்பதைக் காட்டுங்கள். நடப்பவர் டீ குடிக்க ரோட்டைக் கடந்து போய் வந்தாலும் அது பெரிதாக மாறாது. கிரிவலம் போகிறவர் கேட்பதும் 'எவ்வளவு நடந்தேன்' என்பதைவிட 'இன்னும் எவ்வளவு' என்பதைத்தான்.

லிங்கத்தைத் தாண்டிப் போன பிறகுதான் 'லிங்கம் வருகிறது' என்று சொல்கிறது

ஜியோஃபென்ஸ் போட்டிருப்பீர்கள், அதாவது ஒரு இடத்தைச் சுற்றி வட்டம் போட்டு, உள்ளே வந்தால் சொல் என்று போனிடம் விடுவது. அது பேட்டரியைக் காப்பாற்ற உருவானது, பின்னணியில் இருக்கும்போது இரண்டு மூன்று நிமிடம் தாமதமாகச் சொல்வது அதற்கு இயல்பு. நடப்பவர் நிமிடத்துக்கு 65 மீட்டர் போகிறார், மூன்று நிமிடத்தில் 200 மீட்டர் போய்விட்டார். வட்டத்தை 100 மீட்டருக்குக் கீழே சுருக்கினால் இன்னும் மோசமாகும், 100 முதல் 150 மீட்டர் வரையாவது வையுங்கள் என்று கூகுளின் வழிகாட்டுதலே சொல்கிறது.

நடை ஓடிக்கொண்டிருக்கும்போது உங்கள் ஆப் எப்படியும் இடத்தை வாங்கிக்கொண்டுதான் இருக்கிறது. அப்புறம் எதற்கு ஜியோஃபென்ஸ்? இந்திர லிங்கம், அக்னி லிங்கம், யம லிங்கம், நிருதி லிங்கம், வருண லிங்கம், வாயு லிங்கம், குபேர லிங்கம், ஈசான்ய லிங்கம், எட்டும் கோட்டில் எந்தெந்த மீட்டரில் வருகின்றன என்று ஒரு பகலில் நீங்களே நடந்து குறித்துக்கொள்ளுங்கள். முன்னேற்றம் அதற்கு 80 மீட்டர் முன்னால் வந்ததும் அதிர்வு கொடுங்கள். முன்னால் என்பது முக்கியம். நெரிசலில் ஒருவர் சாலையின் ஓரத்துக்கு ஒதுங்கவே ஒரு நிமிடம் ஆகும், வாசலில் வந்து சொன்னால் பின்னால் வரும் கூட்டம் அவரைத் தள்ளிக்கொண்டு போய்விடும்.

பாதி நடை நேற்றிலும் பாதி நடை இன்றிலும் விழுகிறது

இதுதான் 'ஒரு நடை' என்பதை யோசிக்காததன் நேரடி விளைவு. ப்ளே ஸ்டோரில் கிடைக்கும் நடை ஆப்கள் பெரும்பாலும் நாள் கணக்கில் ஓடுபவை, நாமும் அதைப் பார்த்து டேபிளில் தேதியையே ஒவ்வொரு பதிவின் அடையாளமாக, அதாவது ப்ரைமரி கீயாக, வைத்துவிடுகிறோம். பௌர்ணமித் திதி நள்ளிரவைப் பார்த்து நிற்பதில்லை. ராத்திரி பத்து மணிக்குத் தொடங்கி விடியற்காலை மூன்று மணிக்கு முடிப்பவருக்கு ஆப் 'நேற்று 6 கி.மீ., இன்று 8 கி.மீ.' என்கிறது, இரண்டு நாளும் சுற்று முடியவில்லை என்றும் சொல்கிறது. தேதியை எடுத்துவிட்டு ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தனி அடையாள எண் கொடுங்கள், தொடங்கிய நேரமும் முடிந்த நேரமும் அதன் கீழே இரண்டு தகவல்களாக இருக்கட்டும்.

நாள் வாரியான வரைபடமும் வேண்டும் என்றால் இன்னொன்றைக் கவனியுங்கள். காலை ஐந்து மணிக்கு நடப்பவருடைய நடை முந்தைய நாளில் சேர்கிறதா? அப்படியானால் தேதியை யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் வெட்டுகிறீர்கள். இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருப்பதால் உங்கள் ஆப்புக்குப் புது நாள் பிறப்பதே காலை 5.30 மணிக்குத்தான். மதியம் டெஸ்ட் செய்பவருக்கு இது தெரியவே தெரியாது. சேமிப்பது யூடிசியில் இருக்கட்டும், நாளாகப் பிரிக்கும்போது மட்டும் இந்திய நேரத்துக்கு மாற்றுங்கள்.

போனைப் பையில் போட்டதும் பதிவு நின்றுவிடுகிறது

ஸ்க்ரீன் அணைந்து போன் அசையாமல் கிடந்தால் ஆப்பைத் தூங்கவைப்பது ஆண்ட்ராய்டு 6 முதலே உள்ள வழக்கம், அதற்கு டோஸ் என்று பெயர்; ஆண்ட்ராய்டு 7 முதல் போன் பையில் அசைந்துகொண்டிருந்தாலும் அதன் லேசான வடிவம் வரும். இதற்கு மேல் சில தயாரிப்பாளர்களின் போன்கள் தங்கள் பங்குக்குப் பேட்டரி மிச்சம் என்று ஆப்பை முழுவதுமாகவே நிறுத்திவிடும். உங்கள் போனில் ஓடுவது நண்பர் போனில் ஓடாததற்கு இதுதான் பெரும்பாலும் காரணம்.

நடையைப் பதிவு செய்யும் பகுதியை ஃபோர்கிரவுண்ட் சர்வீஸாக, அதாவது ஓடுவதைப் பயனருக்குக் காட்டிக்கொண்டே ஓடும் வேலையாக எழுதுங்கள், மேலே நோட்டிஃபிகேஷன் நிலையாகத் தெரிய வேண்டும். ஆண்ட்ராய்டு 13 முதல் அந்த நோட்டிஃபிகேஷன் கண்ணில் படவே தனி அனுமதி கேட்க வேண்டும். ஆண்ட்ராய்டு 14 முதல் சர்வீஸின் வகை லொகேஷன் என்று, ஆப்பின் விவரங்களை ஆண்ட்ராய்டுக்குச் சொல்லும் மேனிஃபெஸ்ட் கோப்பில் எழுதியே ஆக வேண்டும், விட்டால் ஆப் கிராஷ் ஆகும். ஆப் திரையில் திறந்திருக்கும்போதே, அதாவது ஸ்டார்ட் பட்டனை அழுத்தும்போதே சர்வீஸைத் தொடங்கினால் 'எப்போதும் இடத்தை அறிய அனுமதி' என்பதைக் கேட்கவே வேண்டியதில்லை. அதைக் கேட்காமல் இருப்பது மரியாதையும்கூட. ஒரு சுற்று நடக்க வந்தவரின் இடத்தை நாள் முழுவதும் தெரிந்துகொண்டு நாம் என்ன செய்யப்போகிறோம்?

இன்னொரு சின்ன சோதனை. வரைபடத்தில் புள்ளிகள் பாதையை விட்டு ஒன்றிரண்டு கிலோமீட்டர் தள்ளித் தள்ளி விழுந்தால் அது பேட்டரிப் பிரச்சினை இல்லை. ஆண்ட்ராய்டு 12 முதல் அனுமதி கேட்கும் பெட்டியிலேயே 'தோராயமான இடம் மட்டும்' என்று தேர்ந்தெடுக்க முடியும், நடப்பவர் அதைத் தொட்டிருப்பார். துல்லியமான இடம் ஏன் தேவை என்று ஒரே வரியில், தமிழில், அந்தப் பெட்டி வருவதற்கு முன்னால் சொல்லுங்கள்.

பௌர்ணமி அன்று மட்டும் வேலை செய்யவில்லை

வாரநாளில் போய் டெஸ்ட் செய்தோம், அருமையாக ஓடியது, பௌர்ணமி ராத்திரி வரைபடம் சாம்பல் நிறத்தில் நிற்கிறது, இடம் கிடைக்க ஐந்து நிமிடம் ஆகிறது. லட்சக்கணக்கானவர்கள் ஒரே பாதையில் நடக்கும்போது டவரில் நான்கு கோடு தெரிந்தாலும் டேட்டா நகராது.

ஜிபிஎஸ்ஸுக்கு இன்டர்நெட் தேவையில்லை என்று பாடத்தில் படித்திருப்போம், அது உண்மைதான். ஆனால் போன் சட்டென்று இடத்தைக் கண்டுபிடிப்பதற்குக் காரணம், எந்த செயற்கைக்கோள் எங்கே இருக்கிறது என்ற தகவலை அது நெட்வொர்க் வழியாக முன்கூட்டியே வாங்கிவிடுவது. அது கிடைக்காவிட்டால் அதே தகவலைச் செயற்கைக்கோளிடமிருந்தே மெதுவாக வாங்க வேண்டும், ஒரு செயற்கைக்கோளின் பாதை விவரம் முப்பது வினாடிக்கு ஒரு முறைதான் திரும்ப வரும், நடுவில் ஒரு கோபுரமோ மரமோ மறைத்தால் மறுபடி முதலிலிருந்து. அதனால் ஸ்டார்ட் அழுத்திய பிறகு சிக்னல் தேட ஆரம்பிக்காதீர்கள், ஆப்பைத் திறந்த நொடியிலிருந்தே தேடத் தொடங்குங்கள். 'இடத்தைத் தேடுகிறது, நீங்கள் நடக்கத் தொடங்கலாம்' என்று எழுதி, அவரை நிற்க வைக்காமல் விடுங்கள். முதல் புள்ளி கிடைத்ததும் முன்னேற்றத்தைப் பொருத்திக்கொள்ளலாம்.

வரைபடத்துக்கு நெட்வொர்க்கை நம்பவே வேண்டாம். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் பொது சர்வரிலிருந்து மொத்தமாகப் படங்களை இறக்கி வைத்துக்கொள்வதை அதன் பயன்பாட்டு விதி அனுமதிப்பதில்லை, அதுவும் தேவையில்லை. மலையைச் சுற்றி ஒரு கோடு, எட்டுப் புள்ளி, கழிப்பறை, குடிநீர், மருத்துவ உதவி இருக்கும் இடங்கள், அடி அண்ணாமலை மாதிரி எல்லோருக்கும் தெரிந்த இரண்டு மூன்று பெயர்கள். நீங்களே வரைந்த ஒரு படமாக ஆப்புக்குள் வைத்தால் அது சில நூறு கேபிதான். சரிந்து விரியும் வரைபடத்தைவிட இந்த ஒற்றைப் படம் நடக்கும்போது பார்க்க வசதி என்பது என் உறுதியான எண்ணம். கோட்டின் புள்ளிகளை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து எடுத்தால் அதன் பங்களிப்பாளர்களுக்கு நன்றி வரி போட மறக்காதீர்கள், அது உரிமத்தின் நிபந்தனை.

பாதை வட துருவத்துப் பக்கம் வரைகிறது

அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறிவிட்டன. திருவண்ணாமலை சுமார் 12.2 வடக்கு, 79.1 கிழக்கு. பாதைப் புள்ளிகளைச் சேமிக்கும் ஜியோஜேசன் கோப்பில் தீர்க்கரேகை முதலில் வரும், ஆண்ட்ராய்டு வரைபட நூலகங்கள் பலவற்றில் அட்சரேகை முதலில். மாற்றிக் கொடுத்தால் 79 வடக்கு, 12 கிழக்கு, அதாவது நார்வேயின் ஸ்வால்பார்ட். இந்தியாவின் ஹிமாத்ரி ஆர்க்டிக் ஆய்வு நிலையம் இருக்கும் நி-ஆலெசுண்ட் அதற்கு மிகப் பக்கம். வரைபடத்தில் எதுவுமே தெரியாமல் வெள்ளையாக இருந்தால் ஜூமைக் குறைத்து முதலில் அங்கே தேடுங்கள்.

ஸ்டெப் எண்ணிக்கை மைனஸில் போகிறது, அல்லது பாதிதான் வருகிறது

மைனஸ் வந்தால் போன் நடுவில் ரீஸ்டார்ட் ஆகியிருக்கிறது. ஸ்டெப் கவுன்ட்டர் சென்சார் கொடுப்பது இன்றைய எண்ணிக்கை இல்லை, போன் கடைசியாக ஆன் ஆனதிலிருந்து உள்ள மொத்தம். ஆரம்ப எண்ணைக் கழித்துக் கணக்குப் போடுபவர்கள், புதிய எண் பழையதைவிடச் சிறியதாக வந்தால் ஆரம்பத்தைப் பூஜ்யமாக மாற்றிக்கொள்ள வேண்டும். பேட்டரி தீர்ந்து பவர் பேங்க் போட்டு ஆன் செய்வது கிரிவலத்தில் சாதாரணம், ஆகவே இது அபூர்வமான நிலை என்று ஒதுக்காதீர்கள். எண்ணிக்கையே வரவில்லை என்றால் ஆண்ட்ராய்டு 10 முதல் உடல் அசைவுக்கான அனுமதியைத் தனியாகக் கேட்க வேண்டும், அதைப் பாருங்கள்.

பாதி மட்டும் வருவதற்குக் காரணம் மனிதர்கள். மாணவர்கள் ஜீன்ஸ் பாக்கெட்டில் போனைப் போட்டு, வேகமாக நடந்து டெஸ்ட் செய்கிறோம். புடவைக்குப் பாக்கெட் இல்லை. போன் கைப்பையில் இருக்கும், அல்லது பிரசாதத்தோடு சேர்ந்து துணிப்பையில், பல சமயம் மகனுடைய சட்டையில். வெறுங்காலோடு, கூட்டத்தில் அடிமேல் அடி வைத்து நகரும்போது சென்சாருக்குத் தெரியும் அதிர்வும் குறைவு. இதைக் கோடிங்கில் சரிசெய்ய முடியாது. ஸ்டெப் எண்ணைப் பெரிய எழுத்தில் காட்டாதீர்கள், 'நிற்கிறாரா நடக்கிறாரா' என்று தெரிந்துகொள்ள மட்டும் உள்ளுக்குள் பயன்படுத்துங்கள்.

பாதி வழியில் 'இலக்கை அடைந்தீர்கள்' என்று வாழ்த்துகிறது

10,000 ஸ்டெப் என்ற இலக்கை எங்கிருந்தோ அப்படியே எடுத்து வைத்திருக்கிறீர்கள். ஜப்பானில் யமசா என்ற நிறுவனம் 1965-இல் விற்ற மான்போ-கே என்ற நடைமானியின் பெயரில் இருந்து பரவிய எண் அது, மருத்துவ ஆய்வில் பிறந்தது இல்லை. ஒரு அடி 70 சென்டிமீட்டர் என்று வைத்தால் கிரிவலம் 20,000 அடி. மலைக்கு மேற்கே எங்கோ, இருட்டில், இன்னும் ஏழு கிலோமீட்டர் பாக்கி இருப்பவரிடம் முடித்துவிட்டீர்கள் என்று சொல்வது அவரைப் புண்படுத்தும். எடுத்துவிடுங்கள். கலோரியையும் எடுத்துவிடலாம், வேண்டுதலுக்காக நடப்பவர் அதைக் கேட்கவில்லை.

தமிழ்ப் பெயர்கள் வெட்டுப்பட்டுத் தெரிகின்றன

பெயரைப் பத்து எழுத்தில் நிறுத்தச் சொல்லி கோட் எழுதியிருந்தால், கணினி எண்ணுவது யூனிகோட் குறிகளை. 'லிங்கம்' என்பது நமக்கு நான்கு எழுத்து, அதற்கு ஏழு குறி. தவறான இடத்தில் வெட்டினால் புள்ளியும் கொம்பும் உதிர்ந்துபோகும். எழுத்து எல்லையைக் கண்டுபிடிக்கும் பிரேக் இட்டரேட்டர் என்ற ஆண்ட்ராய்டு வசதியைப் பயன்படுத்துங்கள், அல்லது வெட்டவே வெட்டாமல் இரண்டு வரிக்கு இடம் விடுங்கள்.

முதல் ரிவ்யூவில் ஓடியது, அடுத்த ரிவ்யூவில் எதுவும் சேமிக்கவில்லை

கூகுளின் ஆன்லைன் சேமிப்புச் சேவையான ஃபயர்பேஸில் டேட்டாபேஸை டெஸ்ட் மோடில் (யார் வேண்டுமானாலும் படிக்கலாம், எழுதலாம் என்ற விதியோடு) தொடங்கினீர்களா? அந்த விதி 30 நாளில் காலாவதியாகும், அதற்கப்புறம் ஆப்பிலிருந்து வரும் எல்லாக் கோரிக்கையையும் மறுத்துவிடும். அவசரத்தில் எல்லோருக்கும் திற என்று விதியை மாற்றி எழுதாதீர்கள். அந்த டேபிளில் இருப்பது மனிதர்கள் எந்த நேரத்தில் எந்த லாட்ஜ் வாசலில் இருந்து புறப்பட்டார்கள் என்ற விவரம். லாகின் செய்தவர் தன்னுடையதை மட்டும் படிக்கலாம் என்று விதி எழுதுங்கள். அதைவிட நல்லது, யோசித்துப் பாருங்கள், இந்த ஆப்புக்கு சர்வரே தேவையா? போனுக்குள்ளேயே ஆண்ட்ராய்டின் ரூம் என்ற டேட்டாபேஸ் நூலகத்தில் சேமித்தால் நெட்வொர்க் பிரச்சினையும் தீர்ந்தது, இந்தக் கவலையும் தீர்ந்தது.

எல்லாம் ஓடுகிறது, ஆனால் யாரும் ஆப்பைத் திறக்கவில்லை

இந்த அறிகுறிக்கு லாக் கோப்பில் எதுவும் இருக்காது, அதனால் பல குழுக்கள் இதைக் கோளாறாகவே எடுத்துக்கொள்வதில்லை. எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம்.

எங்கள் குழுவில் ஒரு தோழி, பாதையோரம் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டியிடம் ஆப்பைக் காட்டி, "பாட்டி, எவ்வளவு தூரம் வந்திருக்கீங்கன்னு இதுல தெரியும்" என்றாள். பாட்டி ஸ்க்ரீனைப் பார்க்கவில்லை. "தூரம் கிடக்கட்டும் கண்ணு, அடுத்த பாத்ரூம் எங்க இருக்குன்னு சொல்லுதா?" என்று கேட்டார். அன்றைக்கு ஆப்பில் அது இல்லை, அடுத்த பதிப்பில் முதல் ஸ்க்ரீனிலேயே அதுதான் இருந்தது.

நடந்துகொண்டே ஒருவரால் போனில் என்ன செய்ய முடியும் என்று யோசியுங்கள். ராத்திரி, வியர்த்த கை, விரலில் விபூதி, தோளில் தூங்கும் குழந்தை, வாயில் நாமம். நான்கு டேப், இறங்கும் மெனு, மூன்று வரைபடம் எதுவும் நடக்காது. அவர் போனை எடுத்து இரண்டு வினாடி பார்ப்பார், அதற்குள் மூன்று தகவல் கண்ணில் பட வேண்டும்: இன்னும் எத்தனை கிலோமீட்டர், அடுத்த லிங்கம் எது, அடுத்த கழிப்பறையும் தண்ணீரும் எவ்வளவு தூரத்தில். பின்னணி கறுப்பாக இருக்கட்டும், இருட்டில் வெள்ளை ஸ்க்ரீனைப் பார்த்தால் அடுத்த சில நொடி காலடியில் கிடக்கும் கல் தெரியாது, வெறுங்காலில் நடப்பவருக்கு அது சின்ன விஷயம் இல்லை. குரல் அறிவிப்பு வேண்டாம். மௌனமாக நடப்பவர்கள் இருக்கிறார்கள், ஜபம் சொல்லிக்கொண்டு நடப்பவர்கள் இருக்கிறார்கள், மற்ற இடங்களில் ஒலிபெருக்கிச் சத்தத்தில் கேட்கவும் கேட்காது. லிங்கத்துக்கு ஒரு நீண்ட அதிர்வு, கழிப்பறைக்கு இரண்டு குட்டி அதிர்வு என்று வைத்தால் போன் இடுப்புப் பையில் இருந்தாலும் தெரியும்.

கூட்டத்தில் குடும்பம் பிரிந்துபோவது இன்னொரு பெரிய பயம். நேரலையில் இடத்தைப் பகிரும் வசதி ரிவ்யூவில் எல்லோருக்கும் பிடிக்கும், ஆனால் டேட்டா நகராத இரவில் அது பழைய இடத்தையே காட்டிக்கொண்டிருக்கும், காட்டாமல் இருப்பதைவிட அது ஆபத்து. அதற்குப் பதிலாக நடை தொடங்கும்போதே 'பிரிந்துவிட்டால் எங்கே சந்திப்பது' என்று ஒரு கேள்வி கேளுங்கள், எட்டு லிங்கத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கட்டும். பிரிந்தவர் போனை எடுத்தால் அந்தப் பெயரும் அங்கே போக இன்னும் எவ்வளவு என்பதும் பெரிதாகத் தெரியட்டும். நெட்வொர்க்கே வேண்டாம். எழுத ஒரு மதியம் போதும்.

ரிவ்யூ அறையில் எதுவும் நகரவில்லை

மூன்றாவது மாடி, கான்கிரீட் கூரை, ஏசி அறை. ஜிபிஎஸ் கிடைக்காது, கிடைத்தாலும் மேடையில் நின்றபடி 14 கிலோமீட்டர் நடந்து காட்ட முடியாது. ஒரு முழுச் சுற்றை நிஜமாக நடந்து, இடத்தையும் நேரத்தையும் வைத்திருக்கும் ஜிபிஎக்ஸ் கோப்பாகப் பதிவு செய்து வையுங்கள். ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவின் எமுலேட்டரில், அதாவது கணினிக்குள் ஓடும் போலிப் போனில், அந்தக் கோப்பை ஏற்றினால் அதே பாதையை, வேகத்தைக் கூட்டியும், ஓட்டிக் காட்டும். ஒரே கோப்பு போதாது. வாரநாளில் ஒன்று, பௌர்ணமியில் ஒன்று, செங்கம் சாலையில் தொடங்கியது ஒன்று, நடுவில் ஆட்டோவில் ஏறிவிட்டவருடையது ஒன்று, சிக்னல் நெடுநேரம் போய்விட்டது ஒன்று. கோடிங்கில் ஒரு வரி மாற்றினாலும் இந்த ஐந்தையும் ஓட்டிப் பாருங்கள், மேலே உள்ள கோளாறுகளில் பாதி அங்கேயே மாட்டும். நடந்தவர் எங்கே தங்கியிருந்தார் என்பது தெரியாமல் இருக்கக் கோப்புகளின் முதல் இருநூறு மீட்டரை வெட்டிவிட்டு, புராஜெக்ட் ரிப்போர்ட்டோடு சேர்த்துக் கொடுங்கள், அடுத்த பேட்ச் இதே தலைப்பை எடுத்தால் அவர்களுக்கு உங்கள் கோடிங்கைவிட அந்தக் கோப்புகள்தான் அதிகம் உதவும்.